கம்பியில் கட்டிய கயிறு

தண்ணீருக்கு அடியில் மூச்சை அடக்குவது எனக்குச் சுலபமாக வந்தது. மூச்சை விடுவதுதான் வரவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நடந்தது அதுதான்.

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில். முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீருக்கடியில் பழைய நங்கூரங்களும் மரக்கட்டைகளும் கிடக்கும். வலை போய் அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் என்னைக் கூப்பிடுவார்கள். படகில் இருப்பவர்கள் ஒரு பீடியைப் பற்றவைத்துக் குடித்து முடிக்கும்வரை கீழேயே இருப்பேன் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள், நானும் மறுத்ததில்லை. வலை மேலே வந்ததும் எல்லாரும் வலையைப் பார்ப்பார்கள், கிழிந்திருக்கிறதா என்று. என்னைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். நைனா எனக்குப் பதினேழு வயதாகும்போது காய்ச்சலில் போனார். கூடப் பிறந்தவர் என்று ஒருவரும் இல்லை. சித்தப்பா வீட்டில் சோறு போட்டார்கள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் நான் சாப்பிட வராத நாளில் ஏன் வரவில்லை என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், அத்திப்பட்டுக்குக் கிழக்கே கடலோரமாக இருந்த ஓர் ஆலையில் முங்கு வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஆலையின் இயந்திரங்களைக் குளிர வைக்க ஓயாமல் உப்புத்தண்ணீர் வேண்டும். அதற்காக வாய்க்கால் வெட்டி, அதன் முடிவில் கிணறு போல ஆழமாக ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். குப்பையும் மீனும் உள்ளே போகாமல் இருக்கத் தொட்டியின் வாயில் இரும்புச் சட்டங்கள். அந்தச் சட்டங்களில் சிப்பியும் மட்டியும் ஒட்டி வளர்ந்து தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடும். அந்தப் பக்கத்து பம்பை நிறுத்திவிட்டு, ஆள் முங்கி, உளியால் சுரண்டிக் கூடையில் போட்டு மேலே அனுப்ப வேண்டும். அதுதான் வேலை.

வேலையை எடுத்திருந்த மேஸ்திரி தெற்கே சங்கு குளிக்கிற ஊர்க்காரர். ஐம்பது வயது தாண்டியவர், முங்கி முங்கிக் காது மந்தமாகிப் போனவர், ஆகையால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். முங்குவதற்கு ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். மூன்றாவதாக ஒருவன் வேண்டும். என்னைத் தொட்டியில் இறக்கிப் பார்த்தார். நான் வெறும் மூச்சிலேயே அடியைத் தொட்டு, ஒரு பிடி மட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினேன். முதுகில் தட்டிக் கொடுத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏலே, உனக்கு மச்சான் உண்டா?"

இல்லை என்றேன். அக்கா தங்கை உண்டா என்றார். இல்லை. கல்யாணம் ஆகியிருக்கிறதா என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அவர்கள் ஊரில் முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலேயிருந்து பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் தம்பியிடம்கூடக் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வரலாம். மச்சான் மட்டும் கையை விடமாட்டான், விட்டால் அவன் கூடப் பிறந்தவளின் தாலியல்லவா போகும். கூட வந்த இருவரும் ஆளுக்கொரு மச்சானோடு வந்திருந்தார்கள். முங்குகிறவன் ஓர் இழுப்பு இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு இழுப்புக்குக் கூடையைத் தூக்க வேண்டும். விடாமல் இழுத்தால் ஆளையே தூக்க வேண்டும்.

எனக்கு மச்சான் இல்லாததால் என் கயிற்றைத் தொட்டியோரத்து இரும்புக் கைப்பிடிக் கம்பியில் கட்டினார்கள். அவசரம் என்றால் நானே அதைப் பிடித்து ஏறிக்கொள்ளலாம் என்றார் மேஸ்திரி. உன் மச்சான் ரொம்ப நல்லவன்யா, சாராயம் குடிக்கமாட்டான், பதிலுக்குப் பதில் பேசமாட்டான் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் வேறு என்ன செய்வது?

தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் சிலிண்டரில் மூச்சு விட்டுப் பழக வேண்டும். சோழவரத்துப் பக்கம் மேஸ்திரிக்குத் தெரிந்தவர் ஒருவரின் வயல் கிணற்றில் பழக்கம். முதுகில் இரும்புச் சிலிண்டர், இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட், முகத்தில் கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ள ஒரு ரப்பர். அந்த ரப்பர் வழியாகச் சிலிண்டரிலிருந்து காற்று வரும். இழுக்க வேண்டும், விட வேண்டும், நிறுத்தக் கூடாது. மேஸ்திரி சொல்லிக் கொடுத்த பாடம் அவ்வளவுதான். குழந்தைகூடச் செய்யும் காரியம்.

எனக்கு வரவில்லை. தண்ணீர் தலையை மூடியதும் என் நெஞ்சு தானாக அடைத்துக்கொண்டது. பத்து வயதிலிருந்து பழகிய பழக்கம் அது. போதாக்குறைக்கு, அந்தக் காற்று எனக்குச் சொந்தமான காற்றாகத் தோன்றவில்லை. சித்தப்பா வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்கக் கூச்சப்படுவது போல, ஒரு வாய் இழுத்துவிட்டு அதையே முடிந்தவரை வைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு ஒரு சிலிண்டர் தீரும் நேரத்தில் எனக்குப் பாதிதான் தீர்ந்திருக்கும். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். அறிவு கெட்டவன்.

ஒரு மத்தியானம் கிணற்றின் அடியிலிருந்து அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். பாதியில் நெஞ்சுக்குள் ஏதோ விரிந்துகொண்டே போனது. படியைப் பிடித்ததும் இருமினேன். துப்பினால் எச்சிலில் ரத்தம். வெறும் மூச்சில் முங்குகிறவன் மேலிருந்து கொண்டுபோன காற்றைத்தான் திருப்பிக் கொண்டுவருகிறான், அவனுக்கு ஒன்றும் ஆகாது. கீழே ஆழத்தில் இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது உப்பி நுரையீரலைக் கிழித்துவிடும். கடலே தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான், அவன் பயத்தில் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டே இருப்பான். எங்களைப் போல முங்கித் தேறியவன்தான் செய்வான்.

மேஸ்திரி என் முதுகிலிருந்த சிலிண்டரைக் கழற்றிக் கிணற்று மேட்டில் வைத்தார். பிறகு, அவருக்கு வழக்கமில்லாத சன்னமான குரலில் சொன்னார்.

"இன்னொரு மட்டம் இப்படி வந்தியன்னா ஊரப் பாக்கப் போயிரு. உன் பொணத்த நான் யாருட்ட கொண்டு குடுப்பேன்?"

மீஞ்சூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். நெஞ்சு ஆறும்வரை முங்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் பத்து நாள் அங்கேயே கிடந்தேன். காலையில் நாஷ்டா கடைக்காரனிடம் இரண்டு வார்த்தை, சாயங்காலம் டீக்கடையில் ஒரு வார்த்தை. அதற்கு மேல் வாயைத் திறக்கத் தேவை இருக்கவில்லை. யாருட்ட கொண்டு குடுப்பேன் என்று அவர் கேட்டதற்குப் பதில் தேடிப் பார்த்தேன். ஒரு பெயரும் கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சு விடப் பழகாவிட்டால் மறுபடி சித்தப்பா வீட்டுக்குப் போய் வலைச் சிக்கு எடுக்க வேண்டும். அதற்குச் செத்துப்போகலாம் என்றிருந்தது அப்போது.

பத்து நாள் கழித்துத் தொட்டியில் இறங்கினேன். கிணற்றிலாவது வெளிச்சம் இருந்தது. தொட்டியில் சேற்றுத் தண்ணீர், முகத்துக்கு நேரே கையை நீட்டினால் கை தெரியாது. சட்டத்தைத் தடவித் தடவித்தான் உளி வைக்க வேண்டும். பக்கத்துச் சட்டத்தில் மற்றவர்கள் வேலை செய்கிறார்கள் என்று தெரியும், ஆனால் அவர்கள் இருப்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அந்த இருட்டில் ஏதாவது காலில் உரசினால் போதும், மூச்சு நின்றுவிடும். நின்றுவிட்டது என்பது எனக்கே தெரியாது. எல்லாவற்றிலும் மோசம் அதுதான்.

சிப்பிக் கூடைகளைச் சுமந்து போய் வெளியே கொட்டுவதற்கு நாலைந்து பெண்கள் வருவார்கள். ஊருக்கு வெளியே இருந்த காலனிக்காரர்கள், முன்பு வயல் கூலி வேலை செய்தவர்கள். அவர்களில் ஒருத்திக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. புருஷன் லாரியில் கிளீனராக ஆந்திராப் பக்கம் போனவன், இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை என்று மற்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள். யாரிடமும் குழைய மாட்டாள். மேஸ்திரி கத்தினால் அவளும் கத்துவாள், காது கேட்காதவரிடம் கத்தாமல் என்ன செய்வது என்பாள்.

ஒருநாள் நான் முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நிற்கும்போது என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா தம்பி இது, மாட்ட கட்டி வச்ச மாரி கட்டிக்கிறாங்க?"

கேட்டுவிட்டுக் கூடையைக் கீழே வைத்து, முடிச்சை அவிழ்த்து, கயிற்றை ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டு தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி வந்து குதித்தார். கடல் வேலைக் கயிற்றில் பெண் கை படக் கூடாது, அவர்கள் ஊரில் கேட்டாலே சிரிப்பார்கள் என்றார். இது கடல் இல்லை, தொட்டி என்றாள் அவள். கம்பி பிடிக்கலாம், நான் பிடிக்கக் கூடாதா என்றும் கேட்டாள். மேஸ்திரிக்கு அன்று வேலை முடிய வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

கீழே போய்ச் சுரண்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் கயிறு கடகடவென்று உலுங்கியது. என்னவோ ஏதோ என்று பயந்து, மூச்சை விட்டேன். உலுக்கல் நின்றது. மறுபடி வேலை. மறுபடி உலுக்கல். மேலே வந்து கோபமாக எதற்கு ஆட்டினாய் என்று கேட்டேன். தண்ணீரைக் காட்டினாள். நான் மூச்சு விட்டால் மேலே குமிழி வரும். அதை அவள் முட்டை என்பாள்.

"முட்டை வந்துக்கினே இருந்துச்சு. அப்பால நின்னுபோச்சு. மூச்ச வுடாம உள்ள இன்னா பண்ணிக்கினு இருந்த?"

அப்படித்தான் நான் மூச்சு விடப் பழகினேன். இதில் வித்தை ஒன்றும் இல்லை. கூடை நிரம்பும்வரை அவளுக்கு வேறு வேலை இல்லை, உட்கார்ந்து முட்டையைப் பார்ப்பாள். நின்றால் உலுக்குவாள். முதல் வாரம் ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை உலுக்கியிருப்பாள். அப்புறம் குறைந்தது. இருட்டுக்குள் ஏதாவது காலில் உரசும்போது நெஞ்சு அடைக்கப் போகும். உடனே மேலே ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஞாபகம் வரும், மூச்சை விடுவேன். என் மூச்சுச் சத்தத்தை நானே கேட்கத் தொடங்கினேன். இழுக்கும்போது ஒரு சீறல், விடும்போது காதோரம் கடமுடவென்று குமிழிகள். இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து மூச்சை விட்டால் உடம்பு அசையாமல் நிற்கும் என்று கண்டுகொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் மற்ற பெண்களோடு சுவர் ஓரம் உட்காருவாள். நான் இந்தப் பக்கம். எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக இல்லை. ஒருமுறை அவள் ஊறுகாயை இலையில் வைத்து நீட்டினாள், வாங்கித் தின்றேன். மச்சான்கள் இருவரும் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து என் தம்ளர் அவர்கள் பானைக்குப் பக்கத்தில் இல்லை, தனியாகக் கவிழ்ந்திருந்தது. அவள் பிடிக்கிற கயிறு வழியில் கிடந்தால் தாண்டிப் போவார்கள், நகர்த்திவைக்க மாட்டார்கள். உன் மச்சான் சேலை கட்ட ஆரம்பித்துவிட்டானே என்று புதுக் கேலி வந்தது. இந்தக் கேலிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளுக்குள் குறுகிப் போனேன். அந்தக் குறுகலுக்காக இன்றும் என்னை நான் திட்டிக்கொள்கிறேன்.

மார்கழி முடிந்த சமயம். வாய்க்காலில் தண்ணீர் தெளிந்திருந்தது. அன்று கீழே இறங்கியபோது முதன்முதலாகச் சட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. பச்சை வெளிச்சத்தில் சின்னச் சின்ன மீன்கள் கம்பிக்குள் நுழைந்து வந்தன. ஒரு நண்டு என் உளியைப் பார்த்துக் கொடுக்கைத் தூக்கியது. நான் சட்டத்தைப் பிடிக்கவில்லை, காலையும் உதைக்கவில்லை, அப்படியே நின்றேன். மூச்சு அதுபாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. பயம் எங்கே என்று தேடிப் பார்த்தேன், இல்லை. அந்த அரைமணி நேரம் போலச் சந்தோஷமாக நான் தரையில் இருந்ததே கிடையாது. சிலிண்டர் தீரும்வரை கயிறு ஒருதடவைகூட உலுங்கவில்லை.

மேலே ஏறினேன். மேஸ்திரியும் மற்ற நால்வரும் நின்றிருந்தார்கள். இப்போதுதான் நீ முங்குகிறவன் என்றார் மேஸ்திரி. கர்வம் தலைக்கேறிவிட்டது. அந்த நால்வரின் முகத்தையும் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னேன்.

"இனிமே நீ புடிக்க வேணாங்க்கா. எனக்கே வந்துடுச்சு."

சொல்லும்போது அது நன்றி போலத்தான் இருந்தது. ஆனால் நான் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

சரி தம்பி என்றாள். கையில் சுற்றியிருந்த கயிற்றைப் பிரித்தாள், உள்ளங்கையில் சிவப்பாகத் தடம் இருந்தது. கயிற்றைக் கொண்டுபோய்க் கம்பியில் கட்டினாள். நன்றாக இறுக்கிக் கட்டினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் என் தம்ளர் பானைக்குப் பக்கத்தில் இருந்தது.

வேலை நன்றாகவே நடந்தது. இருட்டுத் தண்ணீரிலும் எனக்குத் தடுமாற்றம் இல்லை. மற்ற இருவரும் போகத் தயங்குகிற மூலைக்கு என்னை அனுப்பினார் மேஸ்திரி. ஆனால் இடுப்பில் கயிறு செத்துக் கிடந்தது. ஓர் இழுப்பு இழுத்து நன்றாக இருக்கிறேன் என்று சொல்வேன். கம்பிக்குக் கேட்டு என்ன? முன்பும் கம்பிதானே, அப்போது தெரியாதது இப்போது தெரிந்தது. மூச்சு விடப் பழகி, பயம் போய், மேஸ்திரியிடம் பேர் வாங்கி, கடைசியில் தண்ணீருக்கடியில் முன்னைவிடத் தனியாக இருந்தேன்.

மாசியில் ஒருநாள் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தேன். சட்டத்தின் அடியில் அசையாமல் நின்று, வேண்டுமென்றே மூச்சை அடக்கினேன். பழைய திறமை எங்கும் போகவில்லை. நெஞ்சு முட்டியது. காது அடைத்தது. கயிறு உலுங்குமா என்று காத்திருந்தேன். கம்பியில் கட்டிய கயிறு உலுங்காது என்று தெரிந்தும் காத்திருந்தேன். கண்ணில் பொறி பறக்கத் தொடங்கியதும் விட்டேன், இரண்டு மூன்று முறை நன்றாக இழுத்து விட்டேன், பிறகு மெல்ல ஏறினேன்.

தொட்டியோரத்தில் அவள் நின்றிருந்தாள். காலிக் கூடை காலடியில் கிடந்தது. முகம் வெளிறியிருந்தது. இரண்டு கையாலும் முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்தாள்.

"முட்டை நின்னுபோச்சு, பாத்துக்கினேதான் இருந்தேன்," என்றாள். "கயிறு என்கிட்ட இல்லியே தம்பி."

இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கூடைக்கும் கூடைக்கும் நடுவே, கயிறு இல்லாமல், வெறுமனே.

கயிறு கம்பியில் இருந்தது. அவிழ்த்து அவள் கையில் கொடுக்க நாலு அடி நடந்தால் போதும். அந்தப் பக்கம் மச்சான்கள் இருவரும் பீடி குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். நான் குனிந்து பெல்ட்டைக் கழற்றுவதுபோல நின்றேன். நிமிர்ந்தபோது அவள் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள்.

அந்தச் சட்டங்களின் வேலை பங்குனியில் முடிந்தது. பெண்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அவள் எந்தப் பக்கம் வேலைக்குப் போனாள் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்க எனக்கு முகம் இல்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் அதே தொட்டியிலும் வேறு தொட்டிகளிலும் முங்கினேன். கல்யாணம் கூடிவரவில்லை, அதனால் மச்சானும் வாய்க்கவில்லை, கயிறு எப்போதும் கம்பியில்தான். ஒருநாளும் என் மூச்சு நின்றதில்லை.